கோடிங் நேர்காணல்: கடலூர் மாணவர் தடுமாறும் இடம்

மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது நடத்தும் கோடிங் நேர்காணல் என்பது, ஒரு கணக்கைக் கொடுத்து, அதற்கான நிரலைக் குறித்த நேரத்துக்குள் எழுதச்சொல்லி, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏன் இந்த வழி, வேறு வழி உண்டா, இது எங்கே உடையும் என்று கேட்டுக்கொண்டே போகும் ஒரு தேர்வுமுறை. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் இதில் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மாணவர்கள் இவற்றுள் முதலாவதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். இரண்டாவதற்கும் தனியே உழைக்க வேண்டும் என்பது அவர்களுள் பலருக்கு நேர்காணல் செய்பவர் எதிரில் வந்து அமர்ந்த பிறகே தெரியவருகிறது. இந்த வட்டாரத்தின் குறை நிரலறிவில் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த அறிவை அந்நியர் ஒருவர் முன்னால் வாய்விட்டுப் பேசிக் காட்டும் பழக்கம் வளராமல் போனதில் இருக்கிறது.

கல்வி நிறுவனங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1945 முதல் பொறியியல் கற்பித்துவருகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மாநில அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் இயங்குகிறது. பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. கடலூர் நகரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, தூய வளனார் கல்லூரி போன்றவற்றிலிருந்து கணினி அறிவியல் பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். பள்ளி நிலையிலேயே, 2018-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின்படி, கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைதானையும் படித்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பத்தில் முதன்முதலாகப் பொறியியல் படிப்பவர்களை இந்தத் துறைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

இல்லாதது வேறொன்று. மாவட்டத்தின் பெரிய வேலைவாய்ப்புகள் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும், கடலூர் சிப்காட்டின் இரசாயன ஆலைகளையும், மீன்பிடித் தொழிலையும், வேளாண்மையையும் சார்ந்தவை. மென்பொருள் நிறுவனங்கள் குவிந்த தெரு ஒன்றுகூட இங்கே உருவாகவில்லை. சென்னையில் வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ வளரும் மாணவருக்கு, அடுத்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரோ உறவுக்காரரோ சென்ற வாரம் எந்த நிறுவனத்தில் என்ன கேட்டார்கள் என்று சாப்பிட்டபடியே சொல்லிவிடுகிறார். அந்தப் பேச்சின் வழியாகத் தானாகக் கிடைக்கும் தகவல், திருப்பாதிரிப்புலியூரிலும் கிள்ளையிலும் இருப்பவருக்கு யூடியூப் வழியாகவும் பயிற்சி மையங்களின் வினாத்தொகுப்புகள் வழியாகவுமே வந்துசேருகிறது. இவ்விரண்டும் விடையைத் தருகின்றன; விடைக்கு முன்னால் நடந்த தடுமாற்றத்தைக் காட்டுவதில்லை.

சல்லடைகள்

டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், விப்ரோ போன்ற பெரிய சேவை நிறுவனங்கள் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பார்க்க வேண்டியிருப்பதால், முதல் கட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்திருக்கின்றன. மாணவர்கள் ஆப்டிட்யூட் என்று அழைக்கும் கணக்குத் திறன், தர்க்கம், ஆங்கிலம் ஆகியவற்றோடு ஓரிரு கோடிங் கணக்குகளும் அடங்கிய இணையவழித் தேர்வு அது. டிசிஎஸ்ஸின் தேசியத் தகுதித் தேர்வு எழுதியவர்கள் பெறும் மதிப்பெண்ணைப் பொறுத்து நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்ற படிநிலைகளில் ஒன்றுக்கு அழைக்கப்படுகிறார்கள். நிஞ்ஜாவின் ஆண்டு ஊதியம் மூன்றரை லட்சத்தை ஒட்டியும் டிஜிட்டலின் ஊதியம் ஏழு லட்சத்தை ஒட்டியும் இருந்துவருவதால், ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் படித்த இருவரின் ஊதியம் ஒரு கடினமான கணக்கால் இரு மடங்கு வேறுபடுகிறது. அந்நிறுவனம் 2012 முதல் நடத்தும் கோட்வீட்டா போட்டி மற்றொரு வாசல். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு கேட்பதும், நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்பதும், கோடிங் திறமை சோதிக்கப்படுவதற்கு முன்பே பலரை வெளியே நிறுத்திவிடுகின்றன. பிசிஏ, பிஎஸ்சி பட்டதாரிகளை வேலையோடு மேற்படிப்பு படிக்கவைக்கும் விப்ரோவின் திட்டமும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்துப் பயிற்றும் எச்சிஎல் டெக்பீ திட்டமும் பொறியியல் அல்லாதவர்களுக்கு உள்ள பக்கவாட்டுக் கதவுகள். மாநில அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியே கல்லூரிகளுக்குள் வந்த திறன் பாடங்கள் இந்த முதற்கட்டத்துக்கான அடிப்படையைப் பரவலாக்கியிருக்கின்றன.

இயந்திரத் தேர்வு உலகம் முழுவதும் பரவியதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் 2009-ஆம் ஆண்டில் இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; கலிஃபோர்னியாவின் ஒய் காம்பினேட்டர் என்ற தொழில்முனைவோர் வளர்ப்பகம் 2011-இல் சேர்த்துக்கொண்ட முதல் இந்திய நிறுவனமாக அது அமைந்தது; அதுவே பின்னாளில் ஹேக்கர்ரேங்க் ஆனது. அவர்கள் தொடக்கத்தில் செய்ய நினைத்தது மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்தித் தருவதுதான். அது எடுபடவில்லை, நிறுவனங்களுக்குத் தானாகத் திருத்திக்கொள்ளும் கோடிங் தேர்வை விற்ற இரண்டாவது எண்ணமே பெரிய வணிகமாயிற்று. விற்பவருக்கு இலாபமில்லாததால் கைவிடப்பட்ட அந்த முதல் எண்ணம், சிறுநகர மாணவருக்கு இன்றும் மிகுதியாகத் தேவைப்படும் பொருளாகவே இருந்துவருகிறது.

இயந்திரம் திருத்தும் தேர்வுக்குப் பழகிய மாணவர், ஒரு விடையை அனுப்பி, தவறு என்று வந்தால் எதையாவது மாற்றி மறுபடி அனுப்பி, பச்சை நிறம் வரும்வரை முயல்கிறார். லீட்கோட், கோட்செஃப் போன்ற தளங்களில் எத்தனை முடித்தாய் என்பதே விடுதி அறைகளில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி. இருநூறு, முந்நூறு என்று எண்ணிக்கை ஏறுகிறது. எண்ணிக்கை பயனற்றதல்ல. பிளைண்ட் 75 என்று புழங்கும் 75 கணக்குகளின் தொகுப்பு போன்றவை, அடிக்கடி வரும் வகைகளை ஒருமுறை கண்ணில் காட்டிவிடுகின்றன. ஆயினும் இயந்திரம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: இது சரி என்று எப்படித் தெரியும்?

பழைய சியின் நிழல்

இந்த வட்டாரத்தில் மட்டுமின்றி மாநிலம் முழுவதும் தயாரிப்பின் தொடக்கப்புள்ளி சி மொழி. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமியின் சி பாடநூலும், யஷவந்த் கனேட்கரின் நூலும் இரண்டு தலைமுறை மாணவர்களின் கைகளில் தேய்ந்திருக்கின்றன. நினைவகத்தில் ஒரு மதிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சுட்டும் முகவரி மாறியான பாயின்டரைப் புரிந்துகொண்டவருக்கு, பிற மொழிகளின் அடியில் நடப்பது எளிதில் விளங்கும். ஆகவே அடித்தளம் சியில் இருப்பதில் பிழையில்லை.

பிழை, அந்த அடித்தளத்தைச் சுற்றி வளர்ந்த வினாத்தொகுப்புகளில் இருக்கிறது. ஒரே வரியில் ஒரு மாறியின் மதிப்பை முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை உயர்த்தி, என்ன அச்சாகும் என்று கேட்கும் வினா அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சி மொழியின் தரநிலை ஆவணம் அத்தகைய வரிக்கு வரையறுக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை என்கிறது. நிரலை இயந்திரமொழியாக்கும் கம்பைலர் ஒவ்வொன்றும் தன் போக்கில் எதை வேண்டுமானாலும் தரலாம். தொகுப்பில் அச்சிட்டிருக்கும் விடை, போர்லேண்டு நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி என்ற கம்பைலர் யாரோ ஒருவருடைய கணினியில் தந்த விடையாக இருக்கக்கூடும். அதே காலத்து மரபால்தான் முழு எண் இரண்டு பைட் இடம் பிடிக்கும் என்று பல தொகுப்புகள் இன்னும் சொல்கின்றன. இன்றைய கணினிகளில் பொதுவாக அது நான்கு பைட். இதை மனப்பாடம் செய்த மாணவர், நேர்காணலில் யாராவது ஏன் என்று கேட்டால் பதிலில்லாமல் நிற்பார். தரநிலை இதை வரையறுக்கவில்லை என்று சொல்லத் தெரிந்த மாணவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே தனித்துத் தெரிவார்.

எளிய கணக்கின் ஆழம்

தயாரிப்பு ஆழமாக வேண்டிய இடம் கடினமான கணக்கு என்று கருதப்படுவதும் மறுபரிசீலனைக்குரியது. வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் பார்த்து, தேடும் எண் அதைவிடச் சிறியதானால் இடப்பாதியையும் பெரியதானால் வலப்பாதியையும் மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் நடுவில் பார்க்கும் பைனரி தேடலை முதலாண்டு மாணவரும் அறிவார். பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றை இருபதே ஒப்பீடுகளில் இது கண்டுபிடித்துவிடும். நிரலாக்க அறிஞர் ஜான் பென்ட்லி, 1986-இல் வெளியான தம் நூலில், அனுபவமுள்ள நிரலாளர்களிடம் இதை எழுதச்சொன்னபோது பத்தில் ஒன்பது பேரின் நிரலில் பிழை இருந்ததாகப் பதிவுசெய்தார். வேடிக்கை அதோடு முடியவில்லை. பென்ட்லி சரியென்று காட்டிய நிரலிலும், அதைப் பின்பற்றி ஜாவா மொழியின் நூலகத்தில் ஏறிய நிரலிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஜாவா நிரலை எழுதியவரான ஜோஷுவா பிளாக் 2006-இல் அதை வெளிப்படையாக அறிவித்தபோது, அது ஜாவாவுக்குள் ஒன்பது ஆண்டுகள் இருந்திருந்தது. நடு இடத்தைக் காண இரு முனைகளின் எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பதே பிழைக்குக் காரணம். நான்கு பைட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 214,74,83,647 என்பதால், மிகப் பெரிய பட்டியலில் அந்தக் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடுகிறது. வித்தியாசத்தைப் பாதியாக்கி இடமுனையோடு கூட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும். தெரிந்த கணக்குதானே என்று இரண்டு நிமிடத்தில் கடந்துபோகும் மாணவர், இந்த ஒரு கணக்கை ஒரு மாலை முழுவதும் வைத்துப் பேசியிருந்தால், வெற்றுப் பட்டியல், ஓர் உறுப்பே உள்ள பட்டியல், தேடும் எண் இல்லாத பட்டியல், ஒரே எண் பலமுறை வரும் பட்டியல் என்று எல்லை நிலைகள் அனைத்தையும் தொட்டிருப்பார். நேர்காணல் செய்பவர் நோண்டுவது பெரும்பாலும் அந்த எல்லைகளைத்தான்.

வேகத்தைப் பற்றிய பேச்சுக்கு பிக் ஓ என்ற குறியீடு பயன்படுகிறது. உள்ளீடு பெருகப் பெருக வேலை எந்த விகிதத்தில் பெருகும் என்பதை அது சொல்கிறது. கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரு எண்களைப் பட்டியலில் கண்டுபிடிக்கச் சொல்லும் பிரபலமான கணக்கில், ஒவ்வோர் இணையையும் பார்த்தால், ஒரு லட்சம் எண்களுக்கு ஏறத்தாழ 500 கோடி இணைகள் வரும். பார்த்த எண்களை உடனுக்குடன் தேடியெடுக்கத் தோதாகக் குறித்துவைக்கும் ஹேஷ் அட்டவணையைப் பயன்படுத்தினால், பட்டியலை ஒருமுறை கடந்தாலே போதும். ஒருமுறைக்கு ஒன்று அல்லது இரண்டு படி ஏறலாம் என்றால் நாற்பது படிகளை எத்தனை வழிகளில் ஏறலாம் என்ற கணக்கும் அப்படிப்பட்டதே: விடை 16,55,80,141. தன்னையே மீண்டும் மீண்டும் அழைக்கும் எளிய நிரல் இந்த விடைக்காக 33 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளைச் செய்யும். கண்டறிந்த இடைவிடைகளைச் சேமித்துவைக்கும் டைனமிக் புரோகிராமிங் முறை நாற்பது படிகளில் முடித்துவிடும். இந்த எண்களைத் தாமே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவருக்கு அந்த முறையின் தேவை புலப்படும். பெயரை மட்டும் கேட்டவருக்கு அது மிரட்டும் சொல்லாகவே எஞ்சும்.

கேள்வியை மாற்றிக் கேட்பது நேர்காணலின் உயிர்நாடி. அதை விளக்க இந்த வட்டாரத்தின் ரயில் பாதைகளே போதும். சிதம்பரத்திலிருந்து வடக்கே கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியே கடலூர் துறைமுகம் சந்திப்புக்கு ஒரே பாதை போகிறது. அந்தச் சந்திப்பில் பாதை பிரிகிறது: ஒரு கிளை திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக விழுப்புரம் செல்கிறது, மற்றொன்று குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்கிறது. விருத்தாசலத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உளுந்தூர்பேட்டை வழியாக இன்னொரு பாதை இருப்பதால், மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. நிலையங்களைப் புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் தண்டவாளங்களைக் கோடுகளாகவும் கொண்டால், கணினியியலில் கிராஃப் எனப்படும் தரவமைப்பு கிடைக்கிறது. சிதம்பரத்திலிருந்து சேலத்துக்குப் போக வழி உண்டா என்று கேட்டால், கிடைத்த பாதையில் ஆழமாகப் போய்ப் பார்த்துத் திரும்பும் தேடல் போதும். ஆனால் கடந்த நிலையங்களைக் குறித்துவைக்க மறந்த நிரல், விழுப்புரம், விருத்தாசலம், கடலூர் துறைமுகம் என்று வளையத்துக்குள் ஓய்வின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த விடை வந்ததும் கேள்வி மாறும். மிகக் குறைந்த நிலையங்களைக் கடந்து போவது எப்படி என்றால், ஆழத் தேடல் கைகொடுக்காது. புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு நிலையத் தொலைவில் உள்ளவை, இரு நிலையத் தொலைவில் உள்ளவை என்று அடுக்கடுக்காகப் பரவும் தேடலும், முதலில் வந்ததை முதலில் வெளியே விடும் கியூ என்ற வரிசையும் வேண்டும். நிலையங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக நிமிடங்களைக் குறைக்க வேண்டுமென்றால், நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட படிமுறை தேவைப்படும். அதை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்ததாகவும், எழுதிப் பார்க்க வசதியில்லாததால்தான் அது அவ்வளவு எளிமையாக அமைந்தது என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த கேள்வி, மழை வெள்ளத்தில் ஒரு பாதை அடைபட்டால் என்ன செய்வது என்பதாக இருக்கலாம். எந்த ஒரு பாதை அடைபட்டாலும் ஊர்கள் துண்டிக்கப்படாத அமைப்பு எது என்பதாகவும் இருக்கலாம். வளையத்துக்குள் இருக்கும் நெய்வேலிக்கு ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் திறந்திருக்கும். ஆலப்பாக்கத்தில் தண்டவாளம் மூழ்கினால் சிதம்பரத்துக்கு வடக்கு வாசல் அடைபட்டுவிடும். இந்த வேறுபாட்டைத் தன் ஊரை வைத்து விளக்கிய மாணவர், அதற்குப் பாடநூல் தரும் பெயரை மறந்திருந்தாலும் நட்டமில்லை. மனப்பாடம் செய்தவர் முதல் மாற்றத்தில் நின்றுவிடுகிறார். பேசிப் பழகியவர் எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துக்கொண்டு மேலே நடக்கிறார்.

பேசும் பயிற்சி

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நிரல் எழுதுவது, தனியே எழுதுவதிலிருந்து முற்றிலும் வேறான செயல் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்ட்டுடன் இணைந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 48 கணினி மாணவர்களிடம் கணக்கு கொடுக்கப்பட்டது; சிலர் கண்காணிப்பவர் முன்னிலையில் வெண்பலகையில் பேசிக்கொண்டே எழுதினார்கள், மற்றவர்கள் தனியறையில் எழுதினார்கள். பார்வைக்கு உள்ளானவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் கணக்கைச் சரியாக முடித்தார்கள். கண்காணிப்பில் எழுதிய பெண்களில் ஒருவர்கூட முடிக்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நேர்காணலில் சோதிக்கப்படுவது அறிவா, பதற்றத்தைத் தாங்கும் திறனா என்ற ஐயத்தை அது நியாயமாக எழுப்புகிறது. ஹோம்ப்ரூ என்ற புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹவல், பைனரி மரம் ஒன்றைத் தலைகீழாக்கும் கணக்கில் தடுமாறியதால் கூகுள் தம்மை நிராகரித்ததாக 2015-இல் கசப்போடு சொன்னது இதற்கு முன்பே விவாதப்பொருளாகியிருந்தது. நியாயமானதோ இல்லையோ, தேர்வுமுறையைக் கடலூர் மாணவர் மாற்ற முடியாது. பதற்றம் பழக்கத்தால் குறையும் என்பது மட்டுமே அவர் கைவசமுள்ள கருவி.

அந்தப் பழக்கத்துக்குப் பணம் தேவையில்லை. மூன்று பேர் தேவை. ஒருவர் கேட்பவர், ஒருவர் விடையளிப்பவர், மூன்றாமவர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பவர். நாற்பத்தைந்து நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் கேள்வியைத் திருப்பிச் சொல்லி, எண்கள் எதிர்மமாக வருமா, பட்டியல் வரிசையில் இருக்குமா என்று ஐயம் தீர்த்துக்கொள்வதற்கு; பிறகு, மெதுவானதென்று தெரிந்தாலும் நேரடியான வழி ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, அதில் எந்த வேலை வீணாகத் திரும்பச் செய்யப்படுகிறது என்று சுட்டி, அதைக் குறைக்கும் வழிக்கு நகர்வது; அதன் பிறகே எழுதுவது; எழுதியதைச் சிறிய உள்ளீட்டை வைத்து வரி வரியாகக் கையால் ஓட்டிக் காட்டுவது. மாணவர்கள் டிரை ரன் என்று சொல்லும் இந்தக் கடைசிப் பகுதியையே நேரமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் கூடும் இடமும் அதுவே. குறிப்பெடுப்பவர் கவனிக்க வேண்டியது விடை சரியா என்பதை அல்ல, விடையளிப்பவர் எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார், குறிப்பு கொடுத்தபோது அதைக் கேட்டாரா, கடந்துபோனாரா என்பதையே. இருக்கையை மாற்றிக்கொண்டு கேட்பவராக அமரும்போது மாணவருக்கு ஒன்று புரிகிறது: எதிரில் இருப்பவரின் மௌனத்தைப் படிக்க யாராலும் முடியாது.

ஆங்கிலம் இதில் ஒரு தனிச்சுமை. தமிழில் தெளிவாக விளக்கக்கூடிய மாணவர், ஆங்கிலத்தில் இலக்கணப் பிழைக்கு அஞ்சிப் பேசாமலிருந்தால், கணக்கு தெரியாதவராகவே மதிப்பிடப்படுகிறார். கேட்பவரும் தமிழராக இருக்கும் சென்னை நேர்காணல்களில் பேச்சு இரு மொழியும் கலந்து நடப்பது இயல்பு என்றாலும், பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ இருந்து திரையில் தோன்றுபவரிடம் அந்த வசதி இல்லை. கோடிங் நேர்காணலுக்கு வேண்டிய ஆங்கிலம் ஏராளமானதல்ல. இதைச் சேமித்துவைக்கிறேன், இங்கே ஒப்பிடுகிறேன், இந்த நிலையில் நிறுத்துகிறேன் என்ற அளவிலான சில டஜன் வாக்கியங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் தமிழில் விளக்கி, அதே கணக்கை மறுநாள் ஆங்கிலத்தில் விளக்கும் முறை, சிந்தனையையும் மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்கும் நிலையைத் தவிர்க்கிறது. சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியாகப் பைதானில் தரவமைப்புகளைப் பற்றி நடத்திய இலவசப் பாடத்தைக் கேட்பவர்கள், ஒரு கருத்தை அவசரமில்லாத எளிய ஆங்கிலத்தில் எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்பதையும் சேர்த்தே கற்கலாம்.

சிறுநகர மாணவருக்குத் தோதான ஒரு நேர்காணல் முறை தமிழ்நாட்டிலேயே உருவாகியிருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னையை மையமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஜோஹோ, மதிப்பெண் சதவீதத்தையும் கல்லூரியின் பெயரையும் முன்னிறுத்தாத நிறுவனமாக அறியப்படுகிறது. அதன் தேர்வு எழுதியவர்கள் விவரிக்கும் அமைப்பில், முதல் சுற்று சி நிரலின் விளைவைக் கணிப்பதும் கணக்குத் திறனும். இரண்டாவது, ஆயத்தச் செயற்கூறுகளை நம்பாமல் அடிப்படைகளிலிருந்து எழுத வேண்டிய சிறு நிரல்கள். மூன்றாவது, கால் டாக்சி முன்பதிவு, ரயில் முன்பதிவு போன்ற ஒரு முழுச் சிறு செயலியைச் சில மணி நேரத்தில் கட்டுவது. மூன்றாவது சுற்றுக்கு வினாத்தொகுப்பு உதவாது. காத்திருப்போர் பட்டியல் எப்படி நகர்கிறது, ரத்து செய்தால் எந்த இருக்கை யாருக்குப் போகிறது என்று யோசிக்கும் பொறுமையும், நிரலைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் ஒழுங்கும்தான் உதவும். இவற்றை ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே வளர்க்க முடியும். அதற்கு ஆய்வகப் பதிவேட்டில் இருக்கும் நிரலை அப்படியே தட்டச்சு செய்யும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும்.

மழைக்காலமும் மாறும் முறையும்

வளாகத் தேர்வுகள் நெருக்கமாக நடக்கும் ஆண்டின் பிற்பாதி, கடலூருக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், 2015 நவம்பர் மழையிலும், 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியபோதும் மாவட்டத்தின் பகுதிகள் மின்சாரமும் தொடர்பும் இழந்தன. கேமரா வழியே கண்காணிக்கப்படும் இணையத் தேர்வில், திரை அணைந்தால் நேரம் நிற்பதில்லை; காரணத்தை விளக்கி மறுவாய்ப்பு பெறுவது மாணவரின் பொறுப்பாகிறது. மின்னாக்கி உள்ள கல்லூரி ஆய்வகத்தை இத்தகைய நாட்களில் வெளிவளாகத் தேர்வு எழுதும் பழைய மாணவர்களுக்கும் திறந்துவிடுவது செலவில்லாத உதவி.

இணையவழித் தேர்வே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வழக்கமான கணக்குகளை நொடிகளில் முடித்துவிடுவதால், திரைக்கு அப்பால் எழுதுவது மாணவரா, கருவியா என்று நிறுவனங்களால் உறுதிசெய்ய முடியவில்லை. நேரில் நடக்கும் சுற்று ஒன்றையாவது கூகுள் மீண்டும் கொண்டுவருவதாக, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த அதன் தலைவர் சுந்தர் பிச்சை 2025-இல் தெரிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் டிசிஎஸ் 12,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. மொத்தமாக ஆள் எடுக்கும் பழைய வேகம் திரும்பும் என்று நம்பி இறுதியாண்டுவரை காத்திருக்கும் மாணவர் பெரிய அபாயத்தை ஏற்கிறார். ஐந்தாம் செமஸ்டரிலேயே தொடங்கி, வாரத்துக்கு நான்கைந்து கணக்குகளும் ஒரு மாதிரி நேர்காணலும் என்று நிதானமாகப் போவது, கடைசி மூன்று மாதத்தில் முந்நூறு கணக்குகளை விழுங்குவதைவிடப் பயன் தரும்.

நேர்முகச் சுற்று திரும்பினால் வாய்மொழிப் பகுதியின் எடை கூடும். கூடவே தூரத்தின் எடையும் கூடும். சிதம்பரத்திலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை வரச்சொன்னால் போக்குவரத்தும் தங்குமிடமும் பெற்றோரின் பல நாள் கூலியை விழுங்கும். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் 2024-இல் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா கடலூரிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பும் தூரத்தில் இருக்கிறது. சிதம்பரத்தில் பல்கலைக்கழக வளாகமே இருக்கிறது. கடலூர், விழுப்புரம், மயிலாடுதுறை மாவட்ட மாணவர்களுக்கான நேர்முகச் சுற்றுகளை இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் நடத்தும்படி நிறுவனங்களிடம் கேட்பதற்கு, கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்கள் சேர்ந்து எழுதும் ஒரு கடிதம் போதும். அடுத்த பருவத்துக்கான நாட்காட்டிகள் தயாராவதற்கு முன்னால் அந்தக் கடிதம் போய்ச்சேர வேண்டும்.